வாலில் ஆடும் மயில்

பலாலி ஓடுபாதை எமது அச்சுவேலியிலிருந்து சில கட்டைத் தூரத்தே உள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் அமைத்தது. எம்மூரார் விமானத்தை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள். ஏறிப் பழகியவர் சிலரே. அண்ணாந்து பார்ப்பவனுக்கு முதலிற் புலப்படுவது வாலிலே தீட்டிய சின்னம். அதைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் முதற் பயணம் இரத்மலானையிலிருந்து இப்பலாலி வழியாகவே சென்னைக்குச் சென்றது. அதன் டகோட்டா விமானங்களுக்குச் சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்திரா தேவி எனப் பெயர் சூட்டியிருந்தனர். புதிய பொறியொன்றில் அஞ்சி ஏறுபவனுக்கு இலக்கத்தைவிடப் பெயர் ஆறுதல் தரும் அல்லவா?

அதற்கு முந்திய ஆண்டிலே பம்பாயில், பொபி கூக்காவின் எண்ணத்தில் உதித்து, உமேஷ் ராவ் என்னும் ஓவியரின் கையால் உருப்பெற்றார் எயர் இந்தியாவின் மகாராஜா. டோக்கியோவுக்கான விளம்பரத்தில் மல்லனாகவும் பாரிசுக்கு உரியதில் காதலனாகவும் வேடம் புனைந்து நகைப்பூட்டினார். முடியாட்சிகள் மறைந்துகொண்டிருந்த நாளிலே ஓர் அரசர் பயணிகளை வணங்கி வரவேற்றமை நயமான முரண்.

1979இல் எயர் சிலோனின் இடத்துக்கு எயர் லங்கா வந்தது. அதன் சின்னம் மயில். இராவணனது பறக்கும் ஊர்தியாகச் சிங்களக் கதைகள் கூறும் தண்டு மொனரவை அது நினைவூட்டுவது என்பர். பின்னர் நிறுவனத்தின் பெயர் ஸ்ரீலங்கன் என மாறியும் மயில் பறந்து போகவில்லை.

தமிழ் பயின்றோருக்கு வேறொரு மயில் நினைவில் எழும். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியிலே, கட்டியங்காரனின் சூழ்ச்சி அறிந்த சச்சந்தன், கருவுற்ற விசையையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். பொறி இறங்கிய இடம் சுடுகாடு. சீவகன் பிறந்ததும் அங்கேயே. நம் காவிய மயில் உல்லாசப் பயணத்துக்கு எழுந்ததன்று. அது போருக்குத் தப்பிய ஓர் அகதியின் ஊர்தி.

வகுப்பிலே அப்பகுதியைப் பாடமாகச் சொன்னபோதெல்லாம் என் குரல் தடுமாறியதுண்டு. போர்க் காலத்தில் எம் வானிலே வந்தவற்றின் சின்னத்தை நின்று பார்க்க எவருக்கு நேரம் இருந்தது? பதுங்குகுழிக்குள் இருந்து ஒலியால் அறிந்தோம். பெயரையும் நாமே இட்டோம். விரைந்து வந்தது ‘பொம்மர்’. மெல்ல ஊர்ந்து வந்து குண்டை உருட்டியது ‘சகடை’. கண்ணனைக் கொல்ல வந்த சகடாசுரனை அறிந்த ஊரார் வைத்த பெயர் பிழைபடவில்லை. இச்சொற்களை அகராதி தொகுப்போர் விட்டுவிடலாகாது. விளம்பரக் கலைஞர் எவரும் பொருள் பெற்று ஆக்கியவை அல்ல அவை.

2019 ஒக்ரோபரில் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. இடையே நின்ற சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரிலே இண்டிகோவும் வந்து சேர்ந்தது. அதன் நீலவாலில் வெண்புள்ளிகளாலான ஒரு விமான உருவம் உண்டு. அதைக் கண்ட சிறுமி ஒருத்தி, கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு இழை போட மறந்துவிட்டார்கள் என்றாள்! சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அவ்விழையை மாணவரைக் கொண்டு வரைவிப்பார்களாக. நல்லதொன்று வந்தால் இப்பக்கத்தில் வெளியிடக் காத்திருக்கிறேன்.