சக்கரத்தில் ஒரு வீடு. அதற்குள் ஒரு கொட்டகை!

அமெரிக்கக் குடும்பங்களின் ஆசையும் அவதியும்

வெள்ளிக்கிழமை மாலை. தென் கலிபோர்னியாவில் ஒரு தொழிலாளி வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். வாசலில் மனைவியும் 2 பிள்ளைகளும் தயாராக நிற்கிறார்கள். எங்கே பயணம்? பாலைவனத்துக்கு!

அவருடைய பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு நீளப் பெட்டி பூட்டியிருக்கிறது. பார்த்தால் சின்ன ரெயில் பெட்டி மாதிரி இருக்கும். அதன் பின்சுவரை அவிழ்த்துச் சாய்க்கிறார். சுவர் தரையைத் தொட்டதும் அதுவே சாய்வுப் பாதை ஆகிவிடுகிறது. மணலில் ஓட்டும் மோட்டார் வண்டிகளை அதன் வழியாக உள்ளே ஏற்றுகிறார். சுவரை மறுபடியும் தூக்கிப் பூட்டுகிறார். குடும்பம் புறப்பட்டுவிட்டது.

இரவு பாலைவனம் போய்ச் சேர்ந்ததும், மோட்டார் வண்டிகளைக் கீழே இறக்குகிறார்கள். வண்டி நின்ற இடத்தில் மடித்து வைத்திருந்த கட்டிலை விரிக்கிறார்கள். கொட்டகை படுக்கை அறை ஆகிவிடுகிறது! முன்பக்கம் அடுப்பு இருக்கிறது. குளிர்பெட்டி இருக்கிறது. குளியல் அறையும் இருக்கிறது.

இந்த வண்டிக்கு அங்கே "டாய் ஹாலர்" என்று பெயர். "பொம்மைகளை ஏற்றிச் செல்லும் வண்டி" என்று அர்த்தம். பொம்மை என்றால் மரப்பாச்சி அல்ல. மோட்டார் சைக்கிளும், மணல் வண்டியும்தான் பொம்மை. பெரியவர்களின் பொம்மை!

பணக்காரர்கள் மட்டும் இதை வாங்குவதில்லை. கொத்தனார், மெக்கானிக், லாரி டிரைவர், நர்சு ஆகியோரும் வாங்குகிறார்கள். ஓட்டலுக்குக் கொடுக்கும் பணம் மிச்சம் என்று கணக்குப் போட்டு வாங்குகிறார்கள். அந்தக் கணக்கு சரியா? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மணல் மேட்டில் திருவிழா

கலிபோர்னியாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில், "இம்பீரியல்" மணல் மேடுகள் இருக்கின்றன. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணல்தான். கோடையில் அங்கே கால் வைக்க முடியாது. அவ்வளவு வெயில்! ஆகவே, அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் கூட்டம். நவம்பர் மாதம் 4-வது வியாழக்கிழமை, அமெரிக்கர்களின் "நன்றி செலுத்தும் நாள்". அந்த விடுமுறையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கூடிய ஆண்டுகளும் உண்டு.

மணல் மேட்டில் குழாய் இல்லை. மின்சாரக் கம்பி இல்லை. குடிக்கவும் குளிக்கவும் தண்ணீரைக் கையோடு கொண்டு போகவேண்டும். விளக்குக்கு ஜெனரேட்டர் கொண்டு போகவேண்டும். அதற்குப் பெட்ரோலும் வேண்டும். கழிவுத் தண்ணீரை மணலில் விடக்கூடாது. தொட்டியில் பிடித்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

ஆக, இது வீடும் கொட்டகையும் மட்டும் அல்ல. தண்ணீர் லாரியும் பெட்ரோல் வண்டியும்கூட இதுதான்! இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். தொல்லை எல்லாம் இங்கேதான் ஆரம்பம் ஆகிறது.

ஏறிய விலை, இறங்கிய விற்பனை

அமெரிக்காவில் ஓடும் சக்கர வீடுகளில் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தில் தயார் ஆகின்றன. அங்கே எல்க்கார்ட் என்ற ஊரும் அதன் சுற்றுப்புறமும்தான் இந்தத் தொழிலுக்குத் தலைநகரம். அந்தப் பகுதியில் ஆமிஷ் என்ற பிரிவினர் வாழ்கிறார்கள். அவர்கள் மோட்டார் கார் வைத்துக் கொள்வதில்லை. குதிரை வண்டியில் போவார்கள். ஆனால், ஊர் ஊராகச் சுற்றும் இந்தச் சக்கர வீடுகளைச் செய்யும் தொழிற்சாலைகளில் அவர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். விந்தைதான்!

2020-ல் கொரோனா வந்தது. விமானத்தில் ஏறப் பயம். ஓட்டலில் தங்கப் பயம். "சொந்த வீட்டோடு ஊர் சுற்றலாம்" என்று ஜனங்கள் சக்கர வீடுகளை வாங்கக் குவிந்தார்கள். 2021-ம் ஆண்டில் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சம் வண்டிகள் வெளியே போயின. இதற்குமுன் அப்படி நடந்ததே இல்லை. விலையும் ஏறியது.

பிறகு என்ன ஆயிற்று? 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் கூட்ட ஆரம்பித்தது. ஏறக்குறைய பூஜ்யமாக இருந்த வட்டி, 2023 ஜூலைக்குள் 5¼ சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. சக்கர வீட்டைக் கடனில் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். வட்டி ஏறியதும் அவர்கள் பின்வாங்கினார்கள். 2023-ல் வெளியே போன வண்டிகள் சுமார் 3 லட்சத்து 13 ஆயிரம்தான். 2 ஆண்டுகளில் ஏறக்குறையப் பாதி!

2024-ல் சுமார் 3 லட்சத்து 33 ஆயிரமாகக் கொஞ்சம் ஏறியது. 2025-ல் இன்னொரு இடி. வெளிநாட்டு எஃகுக்கும் அலுமினியத்துக்கும் அமெரிக்க சர்க்கார் 50 சதவீத வரி போட்டது. சக்கர வீட்டின் அடிச்சட்டம் எஃகு. பல வண்டிகளில் மேல்தகடு அலுமினியம். விலை எப்படி இறங்கும்?

இதில் இரண்டு பக்கமும் தொழிலாளிதான். வாங்குகிறவரும் தொழிலாளி. செய்கிறவரும் தொழிலாளி. வாங்குகிறவர் கையை மூடினால், செய்கிறவர் அடுப்பு எரிவதில்லை. 2009-ல் இதை எல்க்கார்ட் கண்டது. அப்போது அங்கே ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஜனாதிபதி ஒபாமாவே அந்த ஊருக்குப் போய் ஆறுதல் சொன்னார்.

மாதத் தவணை என்னும் மாயம்

கடைக்காரர் முதலில் என்ன கேட்பார்? "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கேட்பார். மொத்தம் எவ்வளவு என்று சொல்லமாட்டார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடன் 40 ஆயிரம் டாலர். (நம் பணத்தில் 32 லட்சம் ரூபாய்க்கு மேல்.) வட்டி 8 சதவீதம். தவணை 15 ஆண்டுகள். மாதம் சுமார் 382 டாலர் வரும். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால், 15 ஆண்டுகள் முடியும்போது கட்டிய பணம் 68 ஆயிரத்து 800 டாலர்! வட்டி மட்டும் 28 ஆயிரத்து 800 டாலர்.

அதற்குள் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் செய்துகொண்டு போய்விடுவார்கள். வண்டியின் கூரை ஒழுக ஆரம்பித்திருக்கும். நிலத்தை வாங்கினால் விலை ஏறும். சக்கர வீட்டை வாங்கினால், கடையை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்கும்.

அதனால்தான், கையைக் கடிக்காமல் வாங்க நினைக்கும் குடும்பத்துக்குப் பழைய வண்டி நல்லது. கொரோனா காலத்தில் ஆசைப்பட்டு வாங்கி, 4 தடவை போய்விட்டு, வாசலில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த வண்டிகளும் விலைக்கு வருகின்றன.

யானை வாங்கலாம், கட்டுத்தறி தாங்குமா?

விலையைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அது எடை.

ஒவ்வொரு டிரெய்லரிலும், உள்ளே எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். அமெரிக்கச் சட்டப்படி அது இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஒரு டிரெய்லரில் 1,130 கிலோ வரை ஏற்றலாம் என்று வைத்துக் கொள்வோம். நிறைய இருக்கிறதே என்று தோன்றுகிறது அல்லவா? இப்போது ஏற்றிப் பாருங்கள்:

4 சக்கர மணல் வண்டி இரண்டு – 600 கிலோ.
தண்ணீர் 380 லிட்டர் – 380 கிலோ.
பெட்ரோல் 100 லிட்டர் – 75 கிலோ.
ஜெனரேட்டர் – 50 கிலோ.
துணி, பாத்திரம், சாப்பாடு, கருவிகள் – 150 கிலோ.

மொத்தம் 1,255 கிலோ! சீட்டில் உள்ளதைவிட 125 கிலோ அதிகம். உள்ளே இடம் இன்னும் காலியாக இருக்கும். ஆனால், அச்சும் டயரும் தாங்காது. நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பது இப்படித்தான்.

இதற்குப் பரிகாரம் எளிது. தண்ணீரைப் பாதித் தொட்டி நிரப்பிக்கொண்டு போகலாம். 190 கிலோ குறையும். போகும் ஊருக்கு அருகில் மீதியைக் கேன்களில் பிடித்து, இன்னொருவர் வண்டியில் ஏற்றலாம்.

இனி, இழுக்கும் வண்டியைப் பார்ப்போம். "என் பிக்கப் 4 டன் இழுக்கும்" என்று பலர் பெருமை பேசுவார்கள். இழுக்கும்; சந்தேகம் இல்லை. ஆனால், சுமக்குமா? டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் உட்காரும். டிரெய்லர் 3,400 கிலோ என்றால், 13 சதவீதம் 442 கிலோ. குடும்பத்தார் 4 பேர் 260 கிலோ. ஆக 702 கிலோ. அந்தப் பிக்கப்பின் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் 680 கிலோ என்று இருந்தால்? பின்தட்டில் ஒரு பெட்டியைக்கூட வைக்காமலே பாரம் மிஞ்சிவிட்டது!

இந்த வண்டிக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. கொட்டகை பின்பக்கம் இருக்கிறது. மோட்டார் வண்டிகள் அச்சுக்குப் பின்னால் நின்றால், முன்னால் கொக்கி லேசாகிவிடும். கொக்கி லேசானால், டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். வேகமாகப் போகும்போது நெளிந்தால், இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். ஆகவே, ஏற்றும் வண்டிகளை முடிந்த வரையில் முன்னால் தள்ளி நிறுத்த வேண்டும். தரையில் பதித்த இரும்பு வளையங்களில் பட்டை போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும்.

எல்லாம் ஏற்றிய பிறகு, லாரிகளை நிறுக்கும் எடை மேடைக்கு ஒரு தடவை கொண்டுபோய் நிறுத்திப் பார்ப்பது நல்லது. சின்னச் செலவு. பெரிய பாதுகாப்பு.

பழைய வண்டியில் எதைப் பார்ப்பது?

முதலில் கூரை. மூட்டுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். உள்ளே மூலைகளில் தண்ணீர்க் கறை தெரிகிறதா? சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால், மரம் உளுத்துவிட்டது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்!

அடுத்தது டயர். டயரின் பக்கவாட்டில் 4 எண்கள் இருக்கும். 2321 என்று இருந்தால், 2021-ம் ஆண்டு 23-வது வாரம் செய்த டயர் என்று பொருள். தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் வயதான டயரை நம்பக்கூடாது. வெயிலில் நின்று நின்றே டயர் கெட்டுவிடும்.

மூன்றாவது, சாய்வுச் சுவரின் கீலும் கம்பியும். அவை துருப்பிடித்திருக்கக் கூடாது. நான்காவது, டிரெய்லரின் பிரேக். கொக்கி அறுந்தால் டிரெய்லர் தானாக நிற்பதற்கு ஒரு விசை இருக்கும். அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் வாங்க வேண்டியது எது?

புது வண்டி வந்ததும் சூரிய மின்தகடு, பெரிய டெலிவிஷன் என்று மனம் பறக்கும். அவை பிறகு. முதலில் உயிர் காக்கும் சாமான்.

பெட்ரோல் நிறைந்த வண்டி நிற்கும் அறையிலேயே பிள்ளைகள் தூங்கப் போகிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகத் தங்கும். ஆகவே, வண்டிகளை இறக்கிய பிறகு கதவு, ஜன்னல்களை நன்றாகத் திறந்து வைக்க வேண்டும். அதுவரை அடுப்பைத் தொடக்கூடாது.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு வாசனை இல்லை. நிறம் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். இந்த வாயு வந்தால் மணி அடிக்கும் கருவி உண்டு. அதற்கும் ஆயுள் உண்டு. பழைய வண்டியில் அந்தக் கருவியின் தேதியைப் பார்த்து, காலம் கடந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். தீயணைக்கும் குப்பியும் கைக்கு எட்டும் இடத்தில் வேண்டும்.

மின்சாரத்தில் தானாக மேலே ஏறும் கட்டில், பக்கவாட்டில் வெளியே நீளும் அறை ஆகியவை பார்க்க அழகுதான். ஆனால், ஒவ்வொன்றும் எடை, ஒவ்வொன்றும் பழுது. கையால் மடிக்கும் கட்டிலே ஏழைக்கு உற்ற தோழன்.

இன்னும் சிக்கனம் வேண்டும் என்பவர்கள், சாமான் ஏற்றும் மூடிய டிரெய்லரை வாங்குகிறார்கள். அதில் மடக்குக் கட்டில் போட்டு, காற்றுக்கு ஜன்னல் வைத்துக் கொள்கிறார்கள். குளியல் அறை இல்லை. கடனும் இல்லை!

முடிவு என்ன?

குடும்பத்தோடு 4 நாள் சந்தோஷமாக இருக்க ஆசைப்படுவது தவறு அல்ல. உழைக்கிறவனுக்கு அந்த ஆசை இருக்க வேண்டும். ஆனால், கடைக்காரர் இரண்டு விஷயங்களை மட்டும் காட்டுவார்: உள்ளே இருக்கும் இடம், மாதத் தவணை. அவர் காட்டாத இரண்டை நாம் கேட்க வேண்டும்: எவ்வளவு பாரம் தாங்கும்? மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?

தாங்கும் பாரத்துக்கு மேல் ஏற்றினால் வண்டி கவிழும். தாங்கும் கடனுக்கு மேல் வாங்கினால் குடும்பம் கவிழும். இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். வாங்குவதற்கு முன்னால் நிறுத்துப் பார்!