வீட்டிலேயே 'வாட்டர் பர்த்': பிரிட்டனில் எப்படித் தயாராகிறார்கள்? ரீல்ஸில் காட்டாத விஷயங்கள் என்னென்ன?

மங்கலான மஞ்சள் வெளிச்சம், சுற்றிலும் மெழுகுவர்த்தி, நடுவில் காற்றடித்த குளம், அதற்குள் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும் கர்ப்பிணி. அடுத்த சில நொடிகளில் தாயின் நெஞ்சில் குழந்தை. வீட்டிலேயே தண்ணீரில் நடக்கும் பிரசவம் பற்றிய இப்படியான வீடியோக்கள் இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் கோடிக்கணக்கான பார்வைகளை அள்ளுகின்றன. 'இவ்வளவு ஈஸியா?' என்று கேட்கத் தோன்றும்.

ஆனால், இந்த முறை சட்டப்படியும் மருத்துவ மேற்பார்வையுடனும் நடக்கும் நாடுகளில், அந்த ஒரு நிமிட வீடியோவுக்குப் பின்னால் பல வாரத் தயாரிப்பு இருக்கிறது. முக்கியமாக, கேமராவுக்கு வெளியே இரண்டு மிட்வைஃப்கள் நிற்கிறார்கள். பிரிட்டனை எடுத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்வோம்.

ஏன் பிரிட்டன்?

அங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ், சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளுக்கு வீட்டில் பிரசவிக்கும் வாய்ப்பைத் தருகிறது. பயிற்சி பெற்ற மிட்வைஃப்கள் வீட்டுக்கே வருவார்கள், கட்டணம் கிடையாது. 1992-ல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழு அளித்த வின்டர்டன் அறிக்கை, பிரசவத்தில் தண்ணீர்த் தொட்டி போன்ற வசதிகளைப் பெண்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியது. அதற்குப் பிறகு மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் இது பரவியது.

அப்படியும் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் வீட்டில் நடக்கும் பிரசவங்கள் மொத்தத்தில் 100-க்கு 2 அல்லது 3 தான். மீதி எல்லாமே மருத்துவமனைகளிலும் பிரசவ மையங்களிலும்தான் நடக்கின்றன.

தண்ணீர் ஏன்?

வெதுவெதுப்பான தண்ணீரில் உடல் எடை தெரியாது. தசைகள் தளரும், நினைத்தபடி திரும்பலாம், முட்டி போடலாம், சாயலாம். இதனால் வலியைத் தாங்குவது எளிதாகிறது. நம்ம ஊரிலும் லேசாக வலி எடுத்ததும் இடுப்பில் வெந்நீர் ஊற்றிவிடும் பழக்கம் உண்டுதானே, அதே சுகம்தான் இதுவும்.

2018-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 3,663 பெண்கள் பங்கேற்ற 15 சோதனைகளை அலசியது. பிரசவத்தின் முதல் கட்டத்தில் தண்ணீரில் இருந்த பெண்களில், முதுகுத்தண்டில் போடும் எபிடியூரல் மயக்க மருந்தைக் கேட்டவர்கள் குறைவு என்பது அதில் தெரிந்தது.

வாங்க வேண்டிய பொருட்கள் என்னென்ன?

மிட்வைஃப் இலவசம். குளமும் அதைச் சார்ந்த பொருட்களும் பெரும்பாலும் குடும்பத்தின் பொறுப்பு. வாடகைக்கும் கிடைக்கும், விலைக்கும் வாங்கலாம். பொதுவான பட்டியல் இது:

* காற்றடிக்கும் பர்த் பூல்: குழந்தைகள் விளையாடும் நீச்சல் தொட்டி கிடையாது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, உட்கார இருக்கை, தடிமனான சுவர் என்று இதற்காகவே செய்தது. உட்கார்ந்தால் வயிறு முழுவதும் மூழ்கும் ஆழம் வேண்டும்.
* ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் லைனர்: குளத்தின் உட்புறம் விரிக்கும் பிளாஸ்டிக் உறை. வாடகைக் குளமாக இருந்தால் கட்டாயம்.
* புது ஹோஸ் பைப், குழாயில் பொருத்தும் அடாப்டர்: தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பழைய பைப் கூடாது. உள்ளே தேங்கிய பழைய தண்ணீரில் கிருமி வளர்ந்திருக்கலாம்.
* மிதக்கும் தெர்மாமீட்டர்: கையை விட்டுப் பார்த்து 'சரியா இருக்கு' என்று சொல்வதெல்லாம் இங்கே கணக்கில் வராது.
* தண்ணீரை வெளியேற்றும் மோட்டார்: பிரசவம் முடிந்து, தாய் வெளியே வந்த பிறகுதான் இதை இயக்க வேண்டும்.
* வலை வடிகட்டி: முக்கும்போது மலம் வெளியேறுவது சகஜம். அதை உடனே அள்ளி எடுக்கத்தான் இது. வீடியோக்களில் மட்டும் இதைப் பார்க்கவே முடியாது.
* டார்ச், சிறிய கண்ணாடி: தண்ணீருக்கடியில் குழந்தையின் தலை தெரிகிறதா என்று மிட்வைஃப் பார்ப்பதற்கு.
* தார்ப்பாய், பழைய துண்டுகள், உறிஞ்சும் விரிப்புகள், குப்பைப் பைகள்: துண்டுகள் நிறைய வேண்டும். குழந்தைக்கென்று சிலவற்றைத் தனியாக வைத்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். நனைந்த பச்சிளம் குழந்தையின் உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

குளத்துக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் விரித்த சோஃபாவோ மெத்தையோ தயாராக இருக்க வேண்டும். நடுவில் வெளியே வர வேண்டியிருந்தால் உடனே படுக்க இடம் தேவை. கூடவே, மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் பையும் கட்டி, கதவருகில் இருக்க வேண்டும்.

குளத்தை எங்கே வைப்பது?

பலரும் யோசிக்காத கேள்வி இது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 600 லிட்டர் பிடிக்கும் குளம் என்றால் தண்ணீர் மட்டுமே 600 கிலோ. அதோடு உள்ளே இருக்கும் ஆள், குளத்தின் மேல் சாய்ந்திருக்கும் துணைவர். பிரிட்டனில் பல பழைய வீடுகளின் மாடித் தளம் மரப்பலகையால் ஆனது. அதனால்தான் தரைத்தளம் நல்லது என்கிறார்கள். சூடான தண்ணீர் வரும் குழாய்க்கு அருகில், சுற்றிலும் மிட்வைஃப் நடமாட இடம் விட்டு வைக்க வேண்டும். மின் பிளக், ஒயர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பிரசவ தேதிக்குச் சில வாரங்களுக்கு முன்பே ஒரு ரிகர்சல் பார்த்துவிடுவது வழக்கம். ஊதிப் பார்ப்பது, அடாப்டர் குழாயில் பொருந்துகிறதா என்று பார்ப்பது, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் போடுவது. வீட்டு வெந்நீர்த் தொட்டி பாதியில் காலியாகிவிட்டால், அடுப்பில் பாத்திரம் பாத்திரமாகக் காய்ச்ச வேண்டியிருக்கும். வலி வந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் பிரயோஜனம் இல்லை.

முன்கூட்டியே நிரப்பி வைத்தால் என்ன?

கூடாது. 2014-ல் இங்கிலாந்தில், பிரசவத்துக்கு முன்பே நிரப்பிச் சூடாகவே வைத்திருந்த வீட்டுக் குளத்தில் பிறந்த குழந்தைக்கு லெஜியோனேர்ஸ் என்ற தீவிர நுரையீரல் தொற்று ஏற்பட்டது. வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீர் இந்தக் கிருமிக்குத் தோதான இடம். ஹீட்டரும் சுழற்சி மோட்டாரும் வைத்து முன்கூட்டியே நிரப்பும் வகைக் குளங்களை வீட்டில் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நாட்டுப் பொது சுகாதாரத் துறை அப்போது எச்சரித்தது. வலி தொடங்கிய பிறகு குழாயிலிருந்து நேரடியாக நிரப்புவதே இப்போதைய நடைமுறை.

தண்ணீரின் சூடு எவ்வளவு இருக்கலாம்?

மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு சொல்வது: தண்ணீர் 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தண்ணீரின் சூட்டையும் தாயின் உடல் சூட்டையும் மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். தாய்க்குச் சூடு ஏறினால் வயிற்றிலுள்ள குழந்தைக்கும் ஏறும், இதயத்துடிப்பு எகிறும்.

வலியைச் சமாளிக்க என்னென்ன வழிகள்?

பெரும்பாலானவை எளிமையானவை. நெற்றியில் குளிர்ந்த ஈரத் துணி, ஸ்ட்ரா போட்ட தண்ணீர் பாட்டில், லேசான சாப்பாடு, பிடித்த பாட்டு, இடுப்பை அழுத்தித் தேய்த்துவிட ஒருவர். வெந்நீரில் இருந்தால் வியர்த்து உடலில் நீர் குறையும், அதனால் அடிக்கடி குடிக்க வேண்டும். மணிக்கணக்கில் சிறுநீர் கழிக்காமலும் இருக்கக் கூடாது.

மிட்வைஃப் கொண்டுவரும் 'கேஸ் அண்ட் ஏர்' என்ற வாயுவைத் தண்ணீரில் இருந்தபடியே சுவாசிக்கலாம். ஆனால் உடலில் ஒட்டும் டென்ஸ் மின்கருவியைத் தண்ணீருக்குள் பயன்படுத்த முடியாது. பெத்திடின் போன்ற ஊசி போட்டிருந்தால் 2 மணி நேரத்துக்குள் குளத்தில் இறங்கக் கூடாது. மயக்கமாக இருந்தாலும் கூடாது. எபிடியூரல் வீட்டில் கிடைக்கவே கிடைக்காது. வேண்டுமென்றால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

ரீல்ஸில் தவறாமல் வரும் அந்த மெழுகுவர்த்திகள்? மிட்வைஃப் வந்ததும் அணைக்கச் சொல்வது அவற்றைத்தான். அறையில் ஆக்சிஜன் சிலிண்டரும் வலிநிவாரண வாயுவும் இருக்கும்போது நெருப்பு ஆபத்து. அதனால் பேட்டரியில் எரியும் விளக்குகளை வைத்துக்கொள்கிறார்கள்.

மிட்வைஃப் என்ன செய்வார்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. முதல் கட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, தண்ணீரில் நனைந்தாலும் வேலை செய்யும் கருவியால் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக் குறித்துக்கொண்டே இருப்பார். பிரசவம் நெருங்கும்போது இரண்டாவது மிட்வைஃபும் வந்துவிடுவார். தாய்க்கு ஒருவர், குழந்தைக்கு ஒருவர். குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் கருவி, ஆக்சிஜன், ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி எல்லாம் அவர்கள் கையில் இருக்கும்.

குழந்தை தண்ணீருக்குள் பிறந்தால் உடனே மேலே கொண்டுவர வேண்டும். ஒருமுறை தலை காற்றில் பட்டுவிட்டால் மறுபடி தண்ணீருக்குள் விடக் கூடாது. காற்று பட்டதும் குழந்தை மூச்சிழுக்கத் தொடங்கலாம், அப்போது தண்ணீர் உள்ளே போய்விடும். தூக்கும்போது தொப்புள்கொடியைச் சுண்டி இழுக்கவும் கூடாது.

ரத்தப்போக்கு, குழந்தையின் இதயத்துடிப்பில் மாற்றம், பனிக்குட நீரில் குழந்தையின் மலம் கலந்திருப்பது, தாய்க்குக் காய்ச்சல் என எது வந்தாலும் குளத்தைவிட்டு வெளியே வரச் சொல்வார். நஞ்சுக்கொடி வெளியேறும் கட்டத்துக்குப் பலரை முன்கூட்டியே வெளியே வரச் சொல்வதும் உண்டு. ஏன்னா, தண்ணீரில் கலந்த ரத்தம் எவ்வளவு என்று கண்ணால் கணிப்பது கஷ்டம்.

இது பாதுகாப்பானதா?

பிரிட்டனின் 26 என்ஹெச்எஸ் அமைப்புகளில் 2015 முதல் 2022 வரை தண்ணீரைப் பயன்படுத்திய 87,000-க்கும் மேற்பட்ட பெண்களின் தகவல்களை கார்டிஃப் பல்கலைக்கழகம் தலைமையிலான 'பூல்' ஆய்வு திரட்டியது. முடிவுகள் 2024-ல் வந்தன. சிக்கல் இல்லாத பெண்களில், தண்ணீருக்குள்ளேயே பிரசவித்தவர்களையும் அதற்கு முன் வெளியே வந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் பிரசவத்தில் ஆசனவாய்த் தசை வரை கிழியும் பாதிப்பு முறையே 4.8 சதவீதம், 5.3 சதவீதம். குழந்தைகளுக்கும் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. ஆனால் தொப்புள்கொடி அறுந்துபோவது தண்ணீரில் அதிகம்: 1,000-க்கு சுமார் 10, வெளியே சுமார் 3.

ஆனால் இது 'தண்ணீர்' பற்றிய கணக்கு. 'வீடு' பற்றிய கணக்கு தனி. 2011-ல் வெளியான 'பர்த்பிளேஸ்' ஆய்வு, 64,000-க்கும் மேற்பட்ட குறைந்த ஆபத்துள்ள பிரசவங்களைப் பார்த்தது. முதல் குழந்தையை வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களில் 45 சதவீதம் பேர் பாதியிலோ பிரசவம் முடிந்த கையோடோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார்கள். குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு வந்தது வீட்டில் 1,000-க்கு 9.3, மருத்துவர்கள் உள்ள பிரிவில் 5.3. இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் அப்படிக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பான ஏகாக் 2016-ல் எடுத்த நிலை இன்னும் கறாரானது: வலி நேரத்தில் தண்ணீரில் இருக்கலாம், குழந்தை பிறப்பது வெளியேதான் நடக்க வேண்டும்.

யாருக்கு இது பரிந்துரைக்கப்படாது?

இரட்டைக் குழந்தை, தலைகீழாகத் திரும்பாத குழந்தை, உயர் ரத்த அழுத்தம், 37 வாரத்துக்கு முன் வலி வந்தவர்கள், முன்பு சிசேரியன் ஆனவர்கள், முந்தைய பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு இருந்தவர்கள் ஆகியோருக்குப் பொதுவாக மருத்துவமனையைத்தான் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் முயற்சி செய்யலாமா?

இங்கே நிலைமையே வேறு. தேசியக் குடும்பநல ஆய்வு-5-ன்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. வீட்டுக்கு இரண்டு மிட்வைஃப்களை அனுப்பி, பின்னால் ஒரு மருத்துவமனையையும் தயாராக வைத்திருக்கும் ஏற்பாடு இங்கே இல்லை. மிட்வைஃப் செவிலியர்களுக்கான 18 மாதப் பயிற்சியை மத்திய அரசு கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அது மருத்துவமனைகளில் பணியாற்றுவதற்கானது.

2018 ஜூலையில் திருப்பூரில், சமூக வலைதள வீடியோக்களைப் பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டு ஓர் இளம்பெண் உயிரிழந்தார். குழந்தை பிழைத்தது. 2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில், 1,000 பேருக்கு மேல் இருந்த வாட்ஸ்அப் குழுவின் ஆலோசனைப்படி வீட்டில் பிரசவம் பார்த்த தம்பதி மீது புகார் எழுந்து போலீஸ் விசாரித்தது. இரண்டுமே வாட்டர் பர்த் அல்ல. ஆனால் இரண்டிலும் பயிற்சி பெற்ற ஆள் பக்கத்தில் இல்லை.

குளம், லைனர், தெர்மாமீட்டர் எல்லாமே ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வந்துவிடும். இதயத்துடிப்பைக் கேட்டு 'இப்ப வெளியே வாங்க' என்று சொல்லத் தெரிந்தவரை அப்படி ஆர்டர் போட முடியாது.

தண்ணீர் தரும் நிம்மதி வேண்டுமென்றால், வாட்டர் பர்த் வசதியுள்ள மருத்துவமனைகள் இந்தியாவின் பெருநகரங்கள் சிலவற்றில் உண்டு. அது இல்லாவிட்டாலும், வலி தொடங்கியதும் வெதுவெதுப்பான ஷவரில் நிற்கலாமா, நடக்கலாமா, கூட ஒருவர் இருக்கலாமா என்பதை ஏழாம், எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலோ காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.