வீக்கம் வடிந்த பிறகு கேட்க வேண்டியது

முடக்குவாதச் சிகிச்சையில் நம் காலத்தில் வந்த மாற்றம் பெரியது. மெத்தோட்ரெக்சேட்டைத் தொடக்கத்திலேயே கொடுக்கிறோம். டாஸ்28 இலக்குக்கு இறங்கும்வரை மருந்தைக் கூட்டுகிறோம், மாற்றுகிறோம். ஆனால் மூட்டுகளைத் தொட்டு எண்ணும்போது இருக்கிற அக்கறை, அந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்ய முடிகிறது என்று கேட்பதில் இல்லை.

டாஸ்28 எண்ணும் மூட்டுகளில் கணுக்காலும் பாதமும் கிடையாது. விரலடி மூட்டுகள் வீங்கிச் செருப்புகூடப் போட முடியாதவரும் அந்தக் கணக்கில் நோய் தணிந்தவராகத் தெரியலாம். பேருந்துப் படியேறி வேலைக்குப் போகிறவருக்கு அந்தத் தணிவால் பயன் என்ன?

செயல்திறனை அளக்கக் கருவி உண்டு. ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் குழுவினர் உருவாக்கி 1980இல் வெளியிட்ட ஹெச்ஏக்யூ வினாத்தாளில் எட்டுப் பிரிவுகள், 20 கேள்விகள். மதிப்பெண் 0 முதல் 3 வரை. 0.22 குறைந்தாலே நோயாளிக்கு அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் என்று பொதுவாகக் கொள்கிறோம். தொட்டியில் குளிப்பது, கார்க் கதவைத் திறப்பது என்று போகும் அந்தக் கேள்விகள் நம் நோயாளிகள் பலருக்கு அந்நியமானவை. 2002இல் வெளியான இந்திய வடிவம் கழிப்பறையில் குந்துவதையும் தரையில் சம்மணமிடுவதையும் கேட்கிறது. அதோடு புடவைக் கொசுவம் வைப்பது, தேங்காய் துருவுவது, குழந்தையைத் தூக்குவது பற்றியும் நாமே வாய்விட்டுக் கேட்கலாம்.

கேட்டாலும் உண்மை எளிதில் வெளிவராது. “சமைக்க முடியுதாம்மா?” என்றால், “ஒண்ணும் சிரமமில்லை டாக்டர்” என்பார். இன்னும் கொஞ்சம் விசாரித்தால், அடுப்படிப் பக்கம் போயே வெகுகாலமாகிறது, எல்லாம் மருமகள் பார்த்துக்கொள்கிறாள் என்று தெரியவரும். துணைக்கு வந்த மகனோ, “அம்மாவை நாங்க எதையும் செய்ய விடுறதே இல்லை” என்று பெருமையாகச் சொல்வார். அந்த அன்பைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் இயலாமை அந்த அன்புக்குள் மறைந்துவிடுகிறது. செய்யாத வேலையில் சிரமம் தெரிய வாய்ப்பில்லை. ஹெச்ஏக்யூவின் வழக்கமான மதிப்பெண் முறை இதற்கு இடம் கொடுத்திருக்கிறது: ஒரு பிரிவில் பிறர் உதவியோ துணைக்கருவியோ தேவைப்பட்டால், அந்தப் பிரிவின் மதிப்பெண் 2க்குக் கீழே போகாது. நாம் அடிக்கடி விட்டுவிடும் விதி இதுதான். கூட்டுக் குடும்பங்களில் இதைவிட முக்கியமான விதி வேறு இல்லை என்பேன்.

நோயின் ஆரம்ப ஆண்டுகளில் இயலாமைக்குப் பெரும்பாலும் அழற்சியே காரணம். அழற்சி தணிந்தால் செயல்திறன் திரும்பும். காலம் போகப்போக எலும்பரிப்பும் தசைத் தளர்வும் சேர்ந்துகொள்கின்றன. அப்போது மருந்து மட்டும் போதாது. “கையை ஆட்டினா தேஞ்சிடும்” என்ற பயத்தில் கையை மடியில் வைத்தே உட்கார்ந்திருப்பவர்களைத் தினமும் பார்க்கிறோம். 2015இல் லான்செட் இதழில் வந்த சாரா ஆய்வு அந்தப் பயத்துக்கு நல்ல பதில். மருந்து நிலைப்பட்டிருந்த 490 பேர் அதில் பங்கேற்றார்கள். கைக்கான நீட்டல், வலுவூட்டல் பயிற்சி சேர்த்துப் பெற்றவர்களின் கைச்செயல் ஓராண்டு முடிவில் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்ப விரல் கோணும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நேரமில்லை என்பது நியாயமான மறுப்பு. வினாத்தாளைக் காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பலாம். படிக்கத் தெரியாதவருக்குச் செவிலியர் வாசித்துக் காட்டலாம். பதில் மட்டும் நோயாளியின் வாயிலிருந்தே வரட்டும். அந்த மதிப்பெண்ணை டாஸ்28க்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். ஒன்று இறங்கியும் மற்றது அசையாமல் நின்றால், அடுத்த மருந்தை எழுதுவதற்கு முன் அவருடைய பாதங்களைப் பாருங்கள், பிடிவலுவைச் சோதியுங்கள், தூக்கமும் மனச்சோர்வும் எப்படி என்று விசாரியுங்கள்.