விதைக் கோட்டையை அவிழ்க்காதவர்கள்



வீட்டில் எத்துணை வறுமை வந்துற்றாலும், நம் உழவர்கள் விதைநெற் கோட்டையை அவிழ்ப்பதில்லை. பசியால் அழும் பிள்ளைகளின் கண்ணெதிரே அதைக் கட்டியபடியே வைத்திருப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதைப் பஞ்சம் கண்ட முதியோர் அறிவர். அத்தகைய நெஞ்சுரம் படைத்த சிலரைப் பற்றியே இம்மாதம் கூற விழைகிறேன்.

உருசிய நாட்டில் இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என வழங்கும் நகருக்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லெனின்கிராடு என்று பெயர். 1941 செப்டம்பர் 8ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் அதனைச் சூழ்ந்துகொண்டன. 1944 சனவரி வரை அம்முற்றுகை நீடித்தது. முதற் குளிர்காலமே மிகக் கொடியது. நவம்பர் 20 முதல் ஏறத்தாழ ஐந்து வாரங்கள், குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டியே அளக்கப்பட்டது. அதிலும் பிண்ணாக்கும் மரக்கூழும் கலந்திருந்தன. பசியால் மாண்டோர் பல இலட்சம் பேர்.

1942ஆம் ஆண்டின் இளவேனிலில் பனி உருகியதும், எஞ்சியிருந்த மக்கள் மண்வெட்டியைக் கையில் எடுத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பூங்காக்களும் திடல்களும் காய்கறிப் பாத்திகளாயின. புனித ஈசாக்கு பேராலயத்தின் எதிரே, நகரின் எழில்மிகு சதுக்கத்தில், முட்டைக்கோசு வரிசை வரிசையாக வளர்ந்தது. அந்நாட்டில் பயிர் வளரும் பருவமோ மிகக் குறுகியது; உடலில் வலுவில்லை; குண்டு வீச்சும் ஓயவில்லை. காய்கள் விளையும்வரை காஞ்சொறியையும் வழியோரப் பூண்டுகளையும் வேகவைத்து உண்டு அவர்கள் காத்திருந்தனர்.

அதே சதுக்கத்தில் ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. நிக்கொலாய் வவிலோவ் என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும் உலகெங்கும் சுற்றித் திரட்டிய விதைகள் அங்கே இலட்சக்கணக்கில் இருந்தன. நெல், கோதுமை, நிலக்கடலை அனைத்தும் உண்ணத் தக்கவையே. ஆயினும் காவலிருந்த ஊழியர்கள் அவற்றைத் தொடவில்லை. நெல் விதைகளைக் காத்த இவானோவ், ஆயிரக்கணக்கான அரிசிப் பொதிகளின் நடுவே பட்டினியால் உயிர் நீத்தார். நிலக்கடலையைக் காத்த சுகின், தம் எழுதுமேசையருகிலேயே மாண்டார். இன்னும் பலர் அவ்வாறே மறைந்தனர்.

உருளைக்கிழங்கு விதையையோ பல்லாண்டுகள் அடைத்து வைக்க இயலாது. காலந்தவறாமல் நட்டாக வேண்டும். ஆகவே, கிடைத்த மரத்துண்டுகளை எரித்து, நிலவறையிலிருந்த கிழங்குகளை உறைபனியிலிருந்து காத்தனர். 1942இல் அவற்றை மீண்டும் மண்ணில் ஊன்றினர். வவிலோவோ 1940இலேயே தம் அரசால் சிறைப்படுத்தப்பட்டிருந்தார். உலகின் பசியைப் போக்க விதை திரட்டிய அவர், 1943 சனவரி 26ஆம் நாள் சரதோவ் சிறையில், போதிய உணவின்றி நலிந்து இறந்தார்.

தோட்டங்கள் மட்டுமே அந்நகரைக் காத்தன என்று கூறுவது மிகையாகும். லடோகா ஏரி வழியே வந்த உணவும், மக்கள் பலர் வெளியேற்றப்பட்டதும் பெருங்காரணங்கள். எனினும், அவ்வாண்டின் விளைச்சல் அடுத்த குளிர்காலத்தை எதிர்கொள்ளத் துணை நின்றது. முந்தைய ஆண்டின் கொடுமை அதே அளவில் திரும்பவில்லை.

நம் பங்குகளில் கூட்டாகக் காய்கறி பயிரிடும் குடும்பங்களுக்கும் சோதனையான பருவம் வருவதுண்டு. மழை பொய்க்கும், பூச்சி அரிக்கும், போட்ட உழைப்பு வீணாகும். அந்நேரத்தில் எஞ்சிய காய்களையெல்லாம் பறித்துப் பங்கிட்டுவிட்டுத் தோட்டத்தைக் கைவிடத் தோன்றும். அவ்வாறு செய்யாதீர்கள். வாட்டத்தைத் தாங்கி நின்ற செடி எது என்று பாருங்கள். அதில் நல்ல காய்கள் இரண்டொன்றைப் பறிக்காமல் முற்றிப் பழுக்க விடுங்கள். விதையெடுத்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து பத்திரப்படுத்துங்கள். அண்டை வீட்டாருக்கும் ஒரு பிடி கொடுத்து வையுங்கள். ஒரு வீட்டில் கெட்டாலும் மறு வீட்டில் பிழைக்கும்.

இவ்வாண்டின் கூடை நிறையாமற் போகலாம். விதை கையிலிருந்தால் அடுத்த பட்டம் நம்முடையதே.