மாடல் வரைந்தால் டேபிள் தானா வருமாம்!

"மாடலை மட்டும் வரைங்க, டேபிள் தானா வந்துடும்" என்று கூவி விற்கிற ஒரு கூட்டம் மென்பொருள் உலகில் இருக்கிறது. அவர்கள் கையில் இருக்கும் கருவி அருமையானதுதான், சந்தேகமே இல்லை. எக்லிப்ஸ் மாடலிங் ஃப்ரேம்வொர்க், சுருக்கமாக ஈ.எம்.எஃப். ரசீது, கணக்கு, வாடிக்கையாளர் என்று ஒரு மாடல் வரைந்தால் அதற்கான ஜாவா கிளாஸ்களை அதுவே எழுதித் தரும். வழக்கமாக எக்ஸ்.எம்.ஐ. கோப்பில் சேமிக்கும். டேட்டாபேஸில் சேமிக்கணுமா? டெனியோ என்ற இணைப்பு அந்த மாடலைப் படித்து, ஹைபர்னேட் வழியாக டேபிள்களை உருவாக்கிவிடும். கைதட்டல்!

கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் கதையே ஆரம்பம்...

ஒரு கணக்கு மென்பொருள் ஒரு வருடம் ஓடிவிட்டது என்று வையுங்கள். மாடலில் 'தொகை' என்பதை 'நிகரத்தொகை' என்று புரோகிராமர் மாற்றுகிறார். டேபிளைத் தானாகப் புதுப்பிக்கும் ஹைபர்னேட்டின் 'அப்டேட்' வசதிக்குப் பெயர் மாற்றம் என்றால் என்னவென்றே தெரியாது. புது நெடுவரிசை ஒன்றைச் சேர்க்கும், பழையதைத் தொடாது. ஒரு வருட எண்கள் பழைய இடத்தில் தூங்கும், புது இடம் காலி. காலியாக இருக்கலாம் என்று மாடல் அனுமதித்திருந்தால் பிழைச்செய்திகூட வராது. கூட்டுத்தொகை மட்டும் உதைக்கும்!

அடுத்தது வாரிசுரிமை. ரசீதுக்குப் பணரசீது, காசோலை ரசீது என்று இரண்டு வாரிசுகள். எதுவும் சொல்லாமல் விட்டால், 2006-ல் வந்த ஜே.பி.ஏ. விதிப்படி எல்லாம் ஒரே டேபிளில் போய் உட்காரும். பணரசீதுக்குக் காசோலை எண் ஏது? அதனால் அந்த நெடுவரிசையைக் 'கட்டாயம்' என்று டேபிளில் நேரடியாகக் குறிக்க முடியாது. எண் இல்லாத காசோலை ரசீது உள்ளே நுழையக் கதவு திறந்தாச்சு.

"இதெல்லாம் சின்ன விஷயம், வேலை சீக்கிரம் முடியுதா இல்லையா?" என்பார்கள். கணக்குப் புத்தகம் சின்ன விஷயமா? இந்தியக் கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 128-ன்படி கணக்குகளைக் குறைந்தது 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. 8 வருடத்தில் புரோகிராமர் மாறுவார், ஃப்ரேம்வொர்க் மாறும், ஜாவாவே போய் வேறு மொழி வரலாம். டேபிள் மட்டும் அங்கேயே இருக்கும். தணிக்கையாளர் படிக்கப்போவது அதைத்தான், அழகாக வரைந்த மாடலை அல்ல.

தப்பு டெனியோ மேலும் இல்லை, ஹைபர்னேட் மேலும் இல்லை. தானாக டேபிள் உருவாக்குவது சோதனைக்கும் முன்மாதிரிக்கும்தான் ஏற்றது, நிஜப் பயன்பாட்டில் படிப்படியான மாற்ற ஸ்கிரிப்ட்களே நல்லது என்று ஹைபர்னேட் கையேடே சொல்கிறது. படிக்கத்தான் ஆளில்லை :-)

வழி இருக்கிறது. டேபிள், நெடுவரிசைப் பெயர்களை மாடலிலேயே குறிப்பாக எழுதிவைத்தால் டெனியோ அவற்றை மதிக்கும். அப்புறம் மாடலில் பெயர் மாறினாலும் டேபிளில் மாறாது. டேபிள் மாற்றங்களை லிக்விபேஸ் போன்ற கருவியில் ஒவ்வொன்றாக எழுதி, இன்னொருவர் சரிபார்க்கட்டும். ஹைபர்னேட்டை 'வேலிடேட்' நிலையில் வைத்தால் அது டேபிளை மாற்றாது, பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும்.

கிளாஸ் எழுதும் வேலையை மாடலிடம் தாராளமாகக் கொடுக்கலாம். பேரேட்டுச் சாவியை மட்டும் கொடுக்கக் கூடாது. என்ன சொல்றீங்க?