வீட்டோடு வந்த விருந்தாளி

மொழிபெயர்ப்பு வேலையில் சில சொற்கள் எதிர்ப்பட்டதும் பேனா நின்றுவிடும். 'மோட்டார் ஹோம்' அப்படி ஒன்று. நடமாடும் வீடு என்றால் நத்தை ஞாபகம் வருகிறது. ஊர்தி இல்லம் என்றால் அரசாணை வாசனை அடிக்கிறது. ஒரு காலத்தில் கூண்டு வண்டியில் அரிசி, பருப்பு, அடுப்பு, பாய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குப் போனவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அதே வண்டிதான். மாட்டுக்குப் பதில் பெட்ரோல் எஞ்சின். உள்ளே கட்டில், குளிர்பெட்டி, கேஸ் அடுப்பு, கழிவறை.

2023 அக்டோபரில் என் பெரியப்பா மகனும் அவர் மனைவியும் இப்படி ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களைச் சுற்றிவிட்டு வந்தார்கள். அண்ணன் பிலாய் உருக்காலையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணி அங்கிருந்து தள்ளி, ராஜ்ஹரா இரும்புச் சுரங்கப் பகுதியில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மகள் லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கிறாள். 'ரெண்டு பேரும் தனியாப் போயிட்டு வாங்க' என்று அனுப்பியது அவள்தான். இரண்டு வாரம், சுமார் 2,500 கிலோமீட்டர். ஜோஷுவா மரப் பூங்கா, லாஸ் வேகஸ், ஸயான், பிரைஸ், மான்யுமென்ட் வேலி, கடைசியில் கிராண்ட் கேன்யன்.

பயணம் முடிந்து வருகிறவர்கள் புகைப்படம் காட்டுவார்கள். இவர்களும் காட்டினார்கள். சிவப்புப் பாறை, நீல வானம், நடுவில் தொப்பி வைத்த அண்ணன். ஆனால் அண்ணி சொன்ன சில விஷயங்கள் புகைப்படத்தில் இல்லாதவை. இந்த வாரப் பத்திக்கு அவைதான் காரணம்.

முதலில் வண்டியின் கணக்கு. இருபத்தைந்து அடி நீளம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நான்கு கிலோமீட்டர் கிடைத்தால் அதிகம். அடியில் மூன்று தொட்டிகள். ஒன்றில் நல்ல தண்ணீர், சுமார் 150 லிட்டர். இன்னொன்றில் பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர். மூன்றாவதில் கழிவறைக் கழிவு. நிரம்பியதும் அதற்கென்று இருக்கும் இடத்துக்கு ஓட்டிப் போய், கையுறை போட்டுக்கொண்டு, தடித்த குழாயை மாட்டி நாமேதான் திறந்துவிட வேண்டும். ''முப்பத்தஞ்சு வருஷம் ஆபீசரா இருந்தவருக்கு இந்த வேலை நல்லா வந்துச்சு'' என்றார் அண்ணி. அண்ணன் மறுக்கவில்லை.

சொந்த வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. வீட்டைச் சக்கரத்தில் ஏற்றியதும் அது தெரிந்துவிடுகிறது. மூன்றாம் நாளே அண்ணி ஒரு டம்ளரில் பல் துலக்கப் பழகிவிட்டார்.

வண்டியின் அகலம் இன்னொரு பாடம். ஸயான் தேசியப் பூங்காவிலிருந்து கிழக்கே போக, 1930இல் திறந்த ஒரு சுரங்கப்பாதை உண்டு. மலையைக் குடைந்து 1.8 கிலோமீட்டர். அந்தக் காலத்துக் கார்களுக்காகத் தோண்டியது. இந்த மாதிரி வண்டி உள்ளே போனால் எதிரே வர இடமில்லை. அதனால் அவர்கள் போனபோது தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, மறுபுறத்துப் போக்குவரத்தை நிறுத்திவைத்து, நட்டநடுவில் ஓட்டிப் போகச் சொன்னார்கள். ''ஊர்வலம் மாதிரி இருந்துச்சு'' என்றார் அண்ணன். அமெரிக்கப் பாலைவனம் வண்டிக்காரருக்குக் கொடுக்கும் மரியாதை இது. வழியெங்கும் தங்க இடம், செருகிக்கொள்ள மின்சாரம், நிரப்பிக்கொள்ளத் தண்ணீர். ஆளே இல்லாத வெட்டவெளியை வருகிறவருக்காகவே திறந்துவைத்திருப்பது போல ஒரு தோற்றம்.

'ஆளே இல்லாத' என்ற இடத்தில்தான் இன்னொரு சொல் இடறுகிறது. 'வைல்டர்னஸ்.' பைபிளைத் தமிழாக்கியவர்கள் வனாந்தரம் என்றார்கள். அமெரிக்காவில் இதற்கு 1964இல் சட்டமே வந்தது. அந்தச் சட்டத்தின்படி அங்கே மனிதன் வந்து போகிற விருந்தினன் மட்டுமே, தங்குகிறவன் அல்லன். படிக்க அழகான விளக்கம். ஏற்கெனவே தங்கியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று மட்டும் அதில் இல்லை.

நம் பழைய இலக்கியத்திலும் ஜோடியாகப் போகிறவர்களுக்கான நிலம் பாலைதான். வீட்டாருக்குத் தெரியாமல் தலைவியும் தலைவனும் கிளம்பிவிடும் உடன்போக்கு அந்த வழியில்தான் நடக்கிறது. ஆனால் சங்கப் பாலை வெற்றிடம் அல்ல. அங்கே எயினர் இருந்தார்கள், மறவர் இருந்தார்கள், கொற்றவை இருந்தாள். வழியில் இந்த ஜோடியைப் பார்த்துப் பேசுகிறவர்களுக்குக் 'கண்டோர்' என்று பெயர் கொடுத்து, பாட்டில் இடமும் கொடுத்தார்கள். போகிறவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். நிலத்தில் இருந்தவர்கள் போகிறவர்களைப் பார்த்தார்கள்.

அண்ணனும் அண்ணியும் தங்கள் கண்டோரைச் சந்தித்தது மான்யுமென்ட் வேலியில்.

யூட்டா, அரிசோனா எல்லையில் சமவெளியின் நடுவே கோபுரம் கோபுரமாக நிற்கும் சிவப்புப் பாறைகளை, ஊர் தெரியாவிட்டாலும் பலருக்கும் தெரியும். ஜான் ஃபோர்டு 1939இல் எடுத்த 'ஸ்டேஜ்கோச்' முதல் எத்தனையோ கௌபாய் படங்களில் வந்த இடம். ஆனால் இது அமெரிக்க அரசின் தேசியப் பூங்கா இல்லை. நவஹோ மக்கள் 1958இல் தாங்களே அமைத்த பூங்கா. சுற்றியுள்ள நவஹோ தேசம் சுமார் 71,000 சதுர கிலோமீட்டர். கேரளத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. கங்கண சூரிய கிரகணம். நிழல் நேராக இந்தப் பள்ளத்தாக்கின் மேல் விழுகிறது. சூரியன் நெருப்பு வளையமாக, கீழே சிவப்புக் கோபுரங்கள். புகைப்படக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நவஹோ நிர்வாகம் காலை எட்டு மணி முதல் பகல் ஒரு மணி வரை பூங்காவை மூடிவிட்டது. கிரகண நேரத்தில் நவஹோக்கள் வெளியே வருவதில்லை. உண்பதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை, தூங்குவதில்லை. சூரியனை அண்ணாந்து பார்ப்பதே இல்லை. அவர்களுக்குச் சூரியன் தந்தை. அந்த நேரத்தில் மரியாதையாக அமைதி காக்க வேண்டும்.

வாசலில் நின்ற வண்டிகளில் முணுமுணுப்பு. சிலர் எரிச்சலோடு வேறு இடம் தேடித் திருப்பிக்கொண்டு போனார்கள். அண்ணனுக்கும் ஏமாற்றம்தான். கிரகணக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தார். அண்ணிக்கு மட்டும் எதுவும் புதிதாக இல்லை. ''நம்ம வீட்டில பாட்டி சொன்னதுதானே. எங்கேயோ அமெரிக்காவில வந்து கேக்கறேன்'' என்றார். காலை டிபனை முன்னதாகவே முடித்துவிட்டு, தங்கியிருந்த திடலில் வண்டித் திரைகளை இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பத்தரை மணிக்கு வெளிச்சம் சாம்பல் பூத்தது போல மங்கியபோது அண்ணன் வெளியே கண்ணாடியோடு நின்றிருக்கிறார். அண்ணி உள்ளேயே இருந்தார்.

கிரகணத்தைப் பார்க்கலாமா, அப்போது சாப்பிடலாமா என்ற விவாதத்தை நான் இங்கே தொடங்கப்போவதில்லை. தகுந்த கண்ணாடி இருந்தால் பார்க்கலாம், பசித்தால் சாப்பிடலாம் என்பதே அறிவியல். அண்ணி பள்ளியில் நடத்தியதும் அதுதான். அந்த வாசலில் எழுந்த கேள்வி வேறு. இது யார் வீடு? ஐயாயிரம் பேர் டிக்கெட்டோடு நின்றாலும், இன்று எங்களுக்கு ஆகாது, பகல் ஒரு மணிக்கு மேல் வாருங்கள் என்று சொல்லும் உரிமை வீட்டுக்காரருக்குத்தான் உண்டு. மற்ற பாலைவனங்களில் அப்படிச் சொல்ல ஆள் மிச்சமில்லை. இங்கே இருந்தார்கள்.

ஏன் மிச்சமில்லை என்பதற்கு வருடங்கள் உண்டு. உலகின் முதல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோன் 1872இல் உருவானது. பிறகு அங்கே வாழ்ந்த ஷோஷோனி மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கிராண்ட் கேன்யன் 1919இல் பூங்கா ஆனது. அந்தப் பள்ளத்தாக்கில் பயிர் செய்துவந்த ஹவசுபாய் மக்களில் கடைசியாக இருந்தவரையும் 1928இல் அனுப்பிவிட்டார்கள். அவர்கள் நிலத்தில் ஒரு பகுதி, சுமார் 75,000 ஹெக்டேர், 1975இல்தான் திரும்பக் கிடைத்தது. நவஹோக்களை 1864இல் ராணுவம் நியூ மெக்சிகோவுக்கு நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் நடத்திக்கொண்டு போனது. வழியிலும் முகாமிலும் ஏராளமானோர் இறந்தார்கள். 1868இல் ஒப்பந்தம் போட்டுச் சொந்த மண்ணுக்குத் திரும்பினார்கள். அதனால்தான் 2023இல் அவர்களால் ஒரு வாசலை மூட முடிந்தது.

பகல் ஒரு மணிக்கு மேல் வாசல் திறந்தது. பள்ளத்தாக்குக்குள் 27 கிலோமீட்டர் மண் பாதை. மோட்டார் ஹோமுக்கு அனுமதி இல்லை. வீட்டை வெளியே நிறுத்திவிட்டு, நவஹோ பெண் ஒருவர் ஓட்டிய திறந்த ஜீப்பில் ஏறினார்கள். அவருக்கு முப்பது வயதிருக்கும். நீங்கள் காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாராம். அண்ணி சொன்னதும் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாராம். அதற்குப் பிறகு பேச்சு பாறைகளைப் பற்றி மட்டும் இல்லை. பள்ளத்தாக்கில் இன்னும் சில குடும்பங்கள் வசிக்கின்றன. அந்தப் பெண்ணின் பாட்டி வீட்டில் குழாய் இல்லை. பேரன்கள் வண்டியில் பீப்பாயை ஏற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் கொண்டுவருகிறார்கள்.

''எங்க வண்டியில ரெண்டு பேருக்கு நூத்தம்பது லிட்டர். தீர்ந்தா அடுத்த திடலில குழாயைத் திறந்தா வருது. சுத்திப் பாக்க வந்தவளுக்குத் தண்ணி இருக்கு, அங்கேயே இருக்கிற கிழவிக்கு இல்லை'' என்றார் அண்ணி. அன்றிரவு பாத்திரம் கழுவக் கை வரவில்லையாம்.

இது ஒரு பாட்டியின் கதை அல்ல. நவஹோ தேசத்தில் நூற்றுக்கு முப்பது வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லை. ஓரத்திலேயே கொலராடோ ஆறு ஓடுகிறது. அந்த ஆற்று நீரை ஏழு மாநிலங்கள் 1922இல் பங்கு போட்டுக்கொண்டன. பழங்குடிகளை யாரும் பேச்சுக்கு அழைக்கவில்லை. லாஸ் வேகஸின் நீரூற்றுகளுக்கும் லாஸ் ஏஞ்சலீஸின் புல்தரைகளுக்கும் அந்த ஆறு போகிறது. 1868 ஒப்பந்தப்படி எங்கள் தண்ணீருக்கு வழி செய்வது அரசின் கடமை என்று நவஹோக்கள் போட்ட வழக்கில், 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் அப்படி ஒரு கடமை இல்லை என்றார்கள். நான்கு பேர் மாறுபட்டார்கள்.

அண்ணன் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். அதையும் சொல்லிவிட வேண்டும். ''பூங்கான்னு வேலி போடாம விட்டிருந்தா அந்த மலையெல்லாம் இப்ப இருக்குமா? நம்ம ராஜ்ஹரா மாதிரி வெட்டி எடுத்திருப்பாங்க'' என்றார். வாழ்நாளெல்லாம் இரும்புத் தாது உருகுவதைப் பார்த்தவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. நவஹோ நிலத்திலேயே 1944 முதல் 1986 வரை சுமார் மூன்று கோடி டன் யுரேனியத் தாது தோண்டி எடுக்கப்பட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் அப்படியே கைவிடப்பட்டன. வேலி வேண்டும்தான். ஆனால் வேலிக்குள் இருந்தவரை வெளியே தள்ளிவிட்டுத்தான் போட வேண்டுமா?

நமக்கும் இது அந்நியமான கேள்வி இல்லை. கான்ஹா காட்டில் புலிக்கு இடம் விட பைகா குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. காகிதத்தில் உரிமை, காட்டில் இழுபறி என்ற நிலை பல இடங்களில் தொடர்கிறது. நாமும் ஜீப்பில் ஏறிப் புலியைத் தேடுகிறோம். ஜீப் ஓட்டுகிறவரின் பாட்டி எங்கே இருந்தாள் என்று கேட்பதில்லை. ராஜ்ஹரா பள்ளியில் கோண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய அண்ணி கேட்டார். பழக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

வேறு வழியும் இருக்கிறது. கிராண்ட் கேன்யனை ஒட்டிய நிலங்களில் புதிய யுரேனியச் சுரங்கங்களைத் தடுக்க, 2023 ஆகஸ்டில் அதிபர் பைடன் ஒன்பது லட்சம் ஏக்கருக்கு மேல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார். அதைக் கேட்டவர்கள் அந்தப் பகுதிப் பழங்குடிகள். பெயரும் அவர்கள் வைத்ததே. 'பாஜ் ந்வாவ்ஜோ இதா குக்வேனி'. முதல் பாதி ஹவசுபாய் மொழி, 'பழங்குடிகள் உலவும் இடம்' என்று பொருள். மறுபாதி ஹோப்பி மொழி, 'எங்கள் முன்னோரின் காலடிகள்'. கிராண்ட் கேன்யனுக்குள்ளும், ஹவசுபாய் மக்களை அனுப்பிவிட்டு 'இந்தியன் கார்டன்' என்று அழைத்துவந்த தோட்டத்துக்கு 2022இல் 'ஹவசுபாய் கார்டன்ஸ்' என்று பெயர் மாறியிருக்கிறது. பெயரை மாற்றினால் தண்ணீர் வந்துவிடாது. ஆனால் வருகிறவருக்கு இது இன்னாருடைய வீடு என்றாவது தெரியும்.

மோட்டார் ஹோமுக்கு இன்னும் நல்ல தமிழ்ச்சொல் கிடைக்கவில்லை. சொந்த வீட்டோடு வந்துவிடுகிறவருக்குத் தான் இன்னொருவர் வீட்டில் நிற்கிறோம் என்பது மறந்துபோகிறது. அந்த வண்டியிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இதுதான். கோயிலுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டுப் போகத் தெரிந்த நமக்கு, பாலைவனத்தின் வாசலில் வீட்டை நிறுத்திவிட்டுப் போவது பெரிய சிரமமாக இருக்காது.