உண்ணிக்குச் சாதி தெரியாது, ஊசிக்குத் தெரியும்

"உண்ணி யாரை வேண்டுமானாலும் கடிக்கும், அதற்கெல்லாம் சாதி கிடையாது." குரங்குக் காய்ச்சலைப் பற்றி நாங்கள் பேசப்போகும் கூட்டங்களில் யாராவது ஒருவர் எழுந்து இதைச் சொல்லிவிடுவார். உண்மைதான். ஆனால் உண்ணி கடிக்க வேண்டுமென்றால் முதலில் ஆள் காட்டுக்குள் போக வேண்டும். பாக்குத் தோட்டத்து உரத்துக்குச் சருகு கூட்டுவது, விறகு சுமப்பது, முந்திரி பொறுக்குவது, செத்த குரங்கை எரிப்பது. இதெல்லாம் யார் தலையில் விழும் வேலைகள் என்று இதைப் படிக்கும் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கூடவே மனிதர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். உண்ணி பரப்பும் புதிய வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள். தனி மருந்து இன்றுவரை இல்லை.

இந்த வைரஸுக்கு ஐரோப்பாவில் ஓர் பங்காளி உண்டு. உண்ணி மூளைக்காய்ச்சல் வைரஸ். ஒரே குடும்பம், ஒரே மாதிரி உண்ணி வழியாகப் பரவுவது. மேற்கு ஐரோப்பாவில் காணப்படும் வகையில் இறப்பு நூற்றுக்கு ஒன்றிரண்டுதான், அதாவது நம்முடையதைவிடக் குறைவு. அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரியாவில் 1970களில் தடுப்பூசி வந்தபோது, காட்டுத் தொழிலாளர்களும் விவசாயிகளும்தான் முதலில் நினைவுக்கு வந்தார்கள். 1981இல் அதை நாடு தழுவிய இயக்கமாக்கினார்கள். ஆண்டுக்குப் பல நூறு பேர் மருத்துவமனையில் கிடந்த நாட்டில், மக்களில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் ஊசி போட்டுக்கொண்ட பிறகு நோய் பெருமளவு குறைந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் செக் நாடு. அதே காடு, அதே உண்ணி. அங்கே அப்படி ஓர் இயக்கம் நடக்கவில்லை, நோயாளிகள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 2022இல்தான் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் காப்பீட்டில் ஊசி என்று அறிவித்தார்கள். சமூகவியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. மாறியது உண்ணி அல்ல, அரசின் முடிவு.

ஜெர்மனியில் மாவட்ட வாரியாக ஆபத்துப் பகுதிகளை அறிவிக்கிறார்கள். அங்கே வாழ்பவர்களுக்குக் காப்பீடு செலவை ஏற்கிறது. வேலை நிமித்தம் காட்டுக்குள் போகிறவர் என்றால் செலவு முதலாளியுடையது. பின்லாந்து 2006 முதல் ஓலாந்து தீவு மக்களுக்கு இலவசமாகப் போடுகிறது. ஸ்லோவேனியா 2019இல் சில வயதினரைத் தேர்ந்தெடுத்து இலவசமாகத் தொடங்கியது. ஐரோப்பாவைச் சொர்க்கமாக்க நாங்கள் வரவில்லை. சுவீடனில் இது தேசியத் திட்டத்தில் இல்லை, பெரும்பாலோர் கைக்காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்கிறார்கள். காசு இல்லாதவருக்கு ஊசி எட்டாது என்பது அங்கேயும் உள்ள கதைதான்.

இங்கே வருவோம். நமக்கும் ஒரு தடுப்பூசி இருந்தது. 1990 முதல் கர்நாடகத்தில் அதைப் போட்டார்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் இன்னொன்று, அப்புறம் ஆண்டுதோறும் ஒன்று என ஐந்து ஆண்டுகள். ஊசி கடுமையாக வலிக்கும். 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, இரண்டு ஊசி போட்டால் 62 விழுக்காடும், மூன்றாவதும் போட்டால் 83 விழுக்காடும் பாதுகாப்பு என்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிற நாள் கூலி போகும், கை வலித்தால் மறுநாள் கூலியும் போகும். பிறகு "மக்கள் ஒத்துழைக்கவில்லை" என்று அறிக்கை எழுதுவார்கள். கூலிக்கு ஈடு தருகிறோம், மாலையில் வந்து போடுகிறோம் என்று சொல்லிவிட்டு அந்த வரியை எழுதியிருந்தால் நாங்கள் மறுக்க மாட்டோம்.

ஊசியின் வீரியம் குறைந்துகொண்டே வந்தது. 2022 அக்டோபரில் அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது சரிதான், வேலை செய்யாத ஊசியை ஏழை உடம்பில் குத்துவது இன்னும் பெரிய மோசடி. ஆனால் மாற்று ஊசி கையில் இல்லாமலே அந்த நாள் வந்ததே, அது எப்படி? 2024இல் கர்நாடகத்தில் மறுபடி உயிர்கள் போனபோது கொடுக்க இருந்தது உடம்பில் தடவிக்கொள்ளும் எண்ணெய்தான்.

எங்களை அதிகம் உறுத்துவது பந்திப்பூர். 2012இல் அந்தப் புலிகள் காப்பகத்தில் நோய் கண்டவர்கள், செத்த குரங்குகளை அப்புறப்படுத்தி எரித்த பழங்குடித் தொழிலாளர்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் வயநாட்டில் பரவியபோதும் பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் பழங்குடியினர். நீலகிரியில் இறந்த குரங்குகளிலும் இதே வைரஸ் கண்டறியப்பட்டது. முதுமலையும் பந்திப்பூரும் வயநாடும் ஒரே காடு, கோடு வரைபடத்தில்தான்.

பிணம் அகற்றும் வேலை, அது மாட்டுப் பிணமானாலும் குரங்குப் பிணமானாலும், எப்படி ஒரே வகை மனிதர்களிடம் போய்ச் சேர்கிறது என்பதை நாம் தலைமுறை தலைமுறையாக அறிவோம். ஆனால் சட்டம் நம் பக்கம் ஒரு வரி வைத்திருக்கிறது. தொழிலாளர் இழப்பீடு பற்றிய சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், விலங்குகளையும் விலங்குப் பிணங்களையும் கையாளும் வேலையில் தொற்றும் நோய் தொழில்சார் நோயாக வருகிறது. அப்படியானால் தற்காலிகப் பணியாளருக்குக் காய்ச்சல் வந்தால் அது அவர் தலைவிதி அல்ல, வேலைக்கு வைத்தவரின் பொறுப்பு. சட்டம் படிக்கும் தோழர்கள் இந்த வரியைக் கையில் எடுக்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து புதிய தடுப்பூசி தயாரித்துவருகிறது. அது வரும் நாளில் பட்டியலை யார் எழுதுவார்கள்? நிரந்தர வனத்துறை ஊழியர்களின் பெயர்கள் பதிவேட்டில் இருக்கும். நாள்கூலிக்குத் தீத்தடுப்புக் கோடு வெட்டப் போகிறவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? நோய்க் காலம் டிசம்பரில் தொடங்கி மே வரை நீளும். காட்டோரக் குடியிருப்புகளில் யார் யார் காட்டு வேலைக்குப் போகிறார்கள் என்ற பட்டியலை அதற்கு முன்னால் நாமே எழுதத் தொடங்கலாம். ஒரு நோட்டும் நாலு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.